ஸ்கேன் எண்ணிக்கை எதை அளக்கிறது? தமிழ்நாட்டுப் பாடநூல்களின் விரைவுக் குறியீடு பற்றிய ஒரு மறுவாசிப்பு

தமிழ்நாட்டில் 2018-இல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்கள் விரைவுக் குறியீட்டோடு (QR code) வெளிவந்தன. அதன்பின், பள்ளிகளில் இணையவழிக் கற்பித்தல் எவ்வளவு வேரூன்றியது என்பதை, மத்திய அரசின் இணையக் கல்விக்கான தீக்‌ஷா தளத்தில் பதிவாகும் ஸ்கேன் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடும் போக்கு ஆய்வுலகில் தலையெடுத்தது. எண்ணிக்கை ஏறினால் மாணவர் பயன்படுத்துகிறார்கள் என்றும், இறங்கினால் ஆசிரியர் தயங்குகிறார்கள் என்றும் கொள்ளப்படுகிறது. இவ்விரு முடிவுக்கும் அந்த எண்ணிக்கை இடம்கொடுக்காது.

காரணத்தைப் பாடநூலே சொல்கிறது. குறியீட்டைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் பகுதி, தீக்‌ஷா செயலியை நிறுவி ஸ்கேன் செய்யும் படிகளை முதலில் தருகிறது. அதன் கீழ் ஒரு குறிப்பு: இணையச் செயல்பாடுகளுக்கும் இணைய வளங்களுக்கும் உரிய குறியீடுகளுக்குத் தீக்‌ஷா அல்லாத வேறொரு ஸ்கேனரைப் பயன்படுத்த வேண்டும். ஆக, ஒரே நூலுக்குள் இருவகைக் குறியீடுகள் உள்ளன. இந்தக் குறிப்பை ஆய்வாளர்கள் கண்டுகொள்ளாமல் போனது வியப்பளிக்கிறது. தீக்‌ஷா வழியே திறப்பவற்றில் பெரும்பகுதி பார்ப்பதற்கான காணொலிகள். மற்ற வகையில் கணக்கு நூலின் ஜியோஜீப்ரா செயல்பாடுகளும் அறிவியல் நூலின் ஃபெட் உருவகப்படுத்துதல்களும் உண்டு. அங்கே மாணவர் ஒரு மதிப்பைக் கூட்டிக் குறைத்து, வரைபடம் எப்படி மாறுகிறது என்று தாமே பார்க்கலாம். கற்பவரின் கை வேலைசெய்யும் இந்த இடம் தீக்‌ஷாவின் ஸ்கேன் கணக்கில் வருவதே இல்லை.

எண்ணப்படும் ஸ்கேன்கூட யாருடையது? மாணவர் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவர அனுமதியில்லை. வகுப்பில் ஸ்கேன் நடந்தால் அது பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தக் கைபேசியில்தான் நடக்கும். செயலி பதிவிறக்க வசதியும் தருகிறது. ஆசிரியர் முதல்நாள் இரவு வீட்டில் ஒருமுறை ஸ்கேன் செய்து காணொலியை இறக்கிவைத்து, மறுநாள் இணையமில்லாமலே இரண்டு பிரிவுகளுக்குப் போட்டுக் காட்டலாம். எண்பது பிள்ளைகள் பார்த்தாலும் ஸ்கேன் ஒன்றுதான். எல்லாப் பள்ளிகளிலும் இப்படித்தான் என்று துணிந்து கூற மாட்டேன். ஆயினும், குறைந்த எண்ணிக்கையும் நிறைந்த பயன்பாடும் ஒருங்கே இருக்க முடியும் என்பதை நிறுவ இதுவே போதும்.

ஆசிரியரின் கைபேசியை ஏன் நம்ப வேண்டும், பள்ளிகளில் உயர்தொழில்நுட்பக் கணினி ஆய்வகங்கள் இருக்கின்றனவே எனலாம். ஆய்வகப் பாடவேளை வேறு, பாடம் நடக்கும்போதே குறியீட்டைத் திறப்பது வேறு. அதேபோல், 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பதிவான எண்ணிக்கை வீட்டுக் கற்றலைச் சேர்ந்தது. அதை வகுப்பறைக் கணக்கில் ஏற்ற முடியாது.

எனவே தளத்தின் புள்ளிவிவரத்தை விட்டு ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டுக்கு வருவதே முறை. எந்தப் பாடத்துக்கு எந்தத் துணைக்கருவி என்பது அங்கே தேதிவாரியாகப் பதிவாகிறது. சடங்குக்காக எழுதுவதும் உண்டுதான். வகுப்பை நேரில் பார்த்து ஒப்பிட்டால் அதைக் களையலாம். அந்த ஒப்பீட்டில் டேட்டாவுக்குப் பணம் கட்டியவர் யார் என்ற கேள்வியும் இடம்பெற வேண்டும். அரசின் திட்டம் ஆசிரியரின் சொந்தச் செலவில் நடந்திருந்தால், இதுவரை அவர்கள்மீது சுமத்தப்பட்ட ‘தயக்கம்’ என்னும் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றாக வேண்டும்.