இசைத்தட்டு உறைக் கலை

இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு ஆகியவற்றின் மேலட்டைக்குரிய ஓவியம், ஒளிப்படம், எழுத்தமைப்பு ஆகியவை சேர்ந்தது உறைக் கலை. ராக் இசையின் உறை இசைக்குழுவை முன்னே நிறுத்தியது. தமிழ் உறை நெடுங்காலம் திரைப்படத்தை முன்னே நிறுத்தியது.

தொடக்கத்தில் உறையில் பெரும்பாலும் படம் கிடையாது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற அரக்குத் தட்டுகள், நடுவில் வட்டத் துளையிட்ட பழுப்புத் தாளில் வந்தன. துளை வழியே தெரியும் ஒட்டுத்தாளில் பாடல், பாடியவர் பெயர், நிறுவனச் சின்னம், அவ்வளவுதான். எச்.எம்.வி. தட்டை 'நாய் மார்க்' தட்டு என்று கேட்டு வாங்கியதற்கு அந்தச் சின்னமே காரணம். 1940 வாக்கில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் ஓவிய உறையைக் கொண்டுவந்தார். 1948-இல் வந்த 12 அங்குல நெடுந்தட்டு, ஓவியருக்கு ஏறக்குறைய ஓரடிச் சதுரத்தைத் திறந்துவிட்டது.

அந்தச் சதுரத்தை முழுமையாக ஆண்டவர்கள் ராக் கலைஞர்கள். 1967-இல் வந்த பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' உறையில், பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவொர்த்தும் குழுவினரைச் சுற்றிப் பெருங்கூட்டம் ஒன்றையே நிறுத்தினார்கள். யோகானந்தர், லாகிரி மகாசயர் போன்ற இந்தியத் துறவிகளும் அதில் உண்டு. காந்தியின் உருவமும் இருந்தது. இந்தியாவில் எதிர்ப்பு வரும் என்று, தட்டை வெளியிட்ட ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் தலைவர் அஞ்சியதால் அது நீக்கப்பட்டது. 1969-இல் பீட்டில்ஸின் 'ஆபி ரோடு', 1973-இல் பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆகியவற்றின் முன்னட்டையில் குழுவின் பெயரே இல்லை. ரசிகருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அது.

தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய உறை, ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'ஆக்ஸிஸ்: போல்ட் ஆஸ் லவ்' (1967). இந்தியாவில் அச்சாகிப் பரவலாக விற்ற விசுவரூப தரிசனப் படத்தை அப்படியே எடுத்து, திருமாலின் முகம் இருந்த இடத்தில் ஹெண்ட்ரிக்ஸையும் அவர் குழுவின் இரு தோழர்களையும் வரைந்தார்கள். கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி, நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய காலண்டர் படங்களுக்கு உறவான மரபு அது. தாம் மனத்தில் கொண்டிருந்தது அமெரிக்கப் பூர்வகுடி மரபு என்று ஹெண்ட்ரிக்ஸ் பின்னர் வருந்தினார். வரைந்தவரின் பெயரைக்கூடக் கேட்காமல் நம் சாமி படத்தை எடுத்தாண்ட அந்த வழக்கத்தை ராக் வரலாறுகள் மேலோட்டமாகவே கடந்துபோகின்றன.

தமிழில் நெடுந்தட்டும், நான்கைந்து பாட்டுக்கு மேல் கொள்ளாத 7 அங்குலச் சிறுதட்டும் சினிமாவை நம்பியே வந்தன. உறையில் நாயகனும் நாயகியும், பெரிய எழுத்தில் படத்தின் பெயர். இசையமைப்பாளர் பெயர் ஓரத்தில். சுவரொட்டியின் சிறிய வடிவம் என்றே சொல்லலாம். ஒன்றில் மட்டும் தமிழ் முந்திக்கொண்டது. பாடல் வரிகளை முழுமையாக உறையில் அச்சிட்டதைச் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' செய்த புதுமை என்பார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்த் திரையரங்குகளில், பாடல் வரிகளைத் தாங்கி, கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிக்கும் பாட்டுப் புத்தகம் விற்றது. உறை செய்ய வேண்டிய வேலையில் பாதியை அந்த மலிவுத் தாள் செய்தது.

உறையைக் கண்ணால் கண்டவர்களும் இங்கே சிலரே. எடுத்துக்காட்டாக, புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களிலும், சுற்றியுள்ள தமிழக ஊர்களிலும் சொந்தமாக இசைத்தட்டு வைத்திருந்த வீடுகள் குறைவு. அந்நாளில் கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்றால் மைக் செட் வரும். மரத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கியில் பாட்டு ஊரெங்கும் கேட்கும். உறையைப் பார்ப்பவர் செட்காரரும், தட்டு மாற்றுவதை வேடிக்கை பார்க்கச் சூழ்ந்து நிற்கும் பிள்ளைகளும்தான். ராக் ரசிகர் தனியறையில் உறையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். இங்கே பாட்டு பொதுவில் ஒலித்தது, உறை பெட்டிக்குள் இருந்தது. தமிழ் உறை தனிக்கலையாக வளராததற்கு இதையே முதற்காரணமாகக் கொள்ளலாம்.

இசையமைப்பாளரின் முகமே விற்பனைக்குப் போதும் என்ற நிலையை 'அன்னக்கிளி' (1976) வழியே வந்த இளையராஜா உருவாக்கினார். தியாகராஜருக்கும் மேலை இசையின் பாஹுக்கும் காணிக்கையாக 1986-இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்', 1988-இன் 'நத்திங் பட் விண்ட்' ஆகியவற்றுக்குத் திரைப்படமும் இல்லை, நாயகனும் இல்லை. இசையை மட்டும் காட்ட வேண்டிய கட்டாயம் தமிழ் உறைக்கு அப்போது வந்தது.

அதே ஆண்டுகளில் ஒலிநாடா உறையை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிவிட்டது. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய 60, 90 நிமிட நாடாக்களில், மடிப்புத் தாளின் கோடுகளுக்குள் ஏ பக்கம், பி பக்கம் என்று பாடல்களைக் கையால் எழுதிவைத்தார்கள். கேட்பவரே வடிவமைத்த உறை அது. பதிப்புரிமையைப் பொருட்படுத்தாதது என்றாலும் வரலாற்றில் இடம்பெற வேண்டியது.

ராக் மரபின் குழுப்படம் தமிழில் தனிப்பொருள் பெற்றது அண்மையில்தான். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. கானா, ராப், ராக் மூன்றையும் கலந்த அக்குழுவினர் கோட்டும் சூட்டும் அணிந்து நின்றார்கள். அம்பேத்கரின் உடையை நினைவூட்டும் கோலம் அது. நீண்ட முடியும் தோல் சட்டையும் ராக் குழுவுக்குச் செய்ததை, இந்த உடை அவர்களுக்குச் செய்தது: பாட்டு தொடங்கும் முன்பே, பாடுபவர் யார் பக்கம் என்பதைப் படம் சொல்லிவிடுகிறது.