எர்மோ, எல்மோ, தெல்மோ

இடிமேகம் கவிந்த கடலில், பாய்மரத்தின் உச்சியில் நீலமும் ஊதாவும் கலந்த ஒளி சீறிக்கொண்டு நிற்கும். மரத்தை அது எரிக்காது. கூர்முனையில் மின்புலம் வலுக்கும்போது சுற்றியுள்ள காற்று அயனியாகிறது. காற்றின் நைட்ரஜன் தரும் நிறம் அது. நெருப்பே அல்லாத இதற்கு ஐரோப்பியர் வைத்த பெயர், 'புனித எல்மோவின் நெருப்பு'.

யார் அந்த எல்மோ? தேடிப் போனால் கிடைப்பவர் எராஸ்முஸ், இத்தாலியின் ஃபோர்மியா நகர ஆயர். கி.பி. 303-ஐ ஒட்டி வேதசாட்சியாக இறந்தார் என்பது மரபு. பிரசங்கத்தின் நடுவே பக்கத்தில் இடி விழுந்தும் பேச்சை நிறுத்தாதவர் என்றொரு கதை. மாலுமிகள் அவரை வேண்ட அது போதும். எராஸ்மோ பேச்சில் தேய்ந்து எர்மோ ஆனது, எர்மோ எல்மோ ஆனது. பந்தலைப் பந்தர் என்றும் சாம்பலைச் சாம்பர் என்றும் எழுதிய நமக்கு ரகர லகர மாற்றத்தில் வியப்பில்லை.

இவர் படங்களில் நங்கூரக் கயிறு சுற்றும் உருளை இருக்கும். கடலறியாதவர்கள் அதைச் சித்திரவதைக் கருவி என்று நினைத்து, குடலை உருவிச் சுற்றிக் கொன்றார்கள் என்று கதை கட்டியதாகச் சொல்வார்கள். அதன்பின் வயிற்றுவலிக்காரர்களும் இவரை வேண்டத் தொடங்கினர்.

ஸ்பெயினில் நடந்தது இன்னும் வேடிக்கை. மெய்யின்மேல் உயிர் ஏறும் நம் புணர்ச்சிபோல, சான்த் எல்மோ சேர்ந்து 'சான்தெல்மோ' ஆனது. பிரித்தவர்கள் சான் தெல்மோ என்று பிரித்தார்கள். பிறந்த பெயருக்கு ஆள் வேண்டுமே! 1246-இல் இறந்த, மாலுமிகள் போற்றிய டொமினிக்கன் துறவி பெத்ரோ கொன்சாலெஸ் 'தெல்மோ' ஆகிவிட்டார். புவனெஸ் அய்ரெஸின் சான் தெல்மோ பேட்டை அவர் பெயரில்தான் இருக்கிறது.

இந்த ஒளி புனிதர்களுக்கும் முந்தியது. கிரேக்கருக்கும் ரோமருக்கும் இரட்டைச் சுடர் காஸ்டர், போலக்ஸ் சகோதரர்கள், நற்சகுனம். ஒற்றைச் சுடர் அவர்கள் சகோதரி ஹெலன், கெட்ட சகுனம். ரோம அறிஞர் பிளினி இதை எழுதி வைத்திருக்கிறார். ஹெலன்தான் எல்மோவாகத் திரிந்தாள் என்பாரும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நேப்பிள்ஸின் சான்தெல்மோ கோட்டைப் பெயரே அங்கிருந்த எராஸ்முஸ் ஆலயத்திலிருந்து வந்ததுதான். சீன மாலுமிகளுக்கோ இந்த ஒளி தியன்ஃபெய் அம்மனுடையது. இலங்கையின் காலியில் தமிழ் வாசகமும் கொண்ட கல்லை நாட்டிய சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே, 1431-இல் சீனாவில் வைத்த கல்வெட்டில் அந்த ஒளிக்கு நன்றி சொல்கிறார்.

போர்த்துகீசியர் இந்த ஒளியைக் 'கோர்போ சாந்தோ', புனித உடல், என்றனர். ஆங்கிலேய மாலுமிகள் அதைக் 'கார்போசன்ட்' ஆக்கினர். பாய்மரங்களோடு அந்தச் சொல் போய்விட்டது. எல்மோ விமானம் ஏறிவிட்டார். 1982 ஜூன் 24 இரவு, ஜாவாவின் காலுங்குங் எரிமலைச் சாம்பலில் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடியில் இதே ஒளி படர்ந்தது. சற்று நேரத்தில் நான்கு இயந்திரங்களும் நின்றன. பிறகு மீண்டும் உயிர்பெற, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. கண்ணாடியில் கண்டதை விமானிகள் சொன்ன பெயர் எல்மோதான்.