கதவில்லா விமானம் முதல் இரட்டைத் தாழ் வரை

மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஓர் இரட்டைச் சிறகு விமானம் செய்வித்து 1910-இல் சென்னையில் பறக்கவிட்டார். விமானி திறந்தவெளியில் அமர்ந்த காலம் அது. கதவும் இல்லை, தாழும் இல்லை.

மூடிய அறை வந்ததும் தாழ்ப்பாள் உயிர்காக்கும் உறுப்பாயிற்று. வளைந்த கூரைமேல் விரையும் காற்றில் அழுத்தம் குறைவதால் கதவு வெளிப்பக்கம் இழுபடும். எனவே பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி என்ற சிறு விமானத்தின் கண்ணாடி மூடிக்கு இரண்டாவது கொக்கியும் உண்டு.

வேன்ஸ் ஆர்வி-10 என்ற சிறு விமானத்தின் கதவில், கைப்பிடியைத் திருப்பினால் முன்னும் பின்னும் ஒவ்வொரு முளை சட்டத்துத் துளைக்குள் நுழையும். பின்முளை வெளியே நின்றாலும் கதவு மூடியதுபோலவே தோன்றும். பறக்கையில் பிய்த்துக்கொண்டு போகக்கூடும். அதனால் எச்சரிக்கை விளக்கும், பின்னாளில் துணைத்தாழும் சேர்ந்தன.