எல்லை கடக்கும் விதை: மரபணுப் பயிர் ஒழுங்குமுறையும் குமரி மாவட்டமும்

மரபணு மாற்றப் பயிர் பற்றிய இந்திய விவாதம் பருத்தி, கத்தரி, கடுகு ஆகிய மூன்றைச் சுற்றியே பெரிதும் நடந்துவந்திருக்கிறது. இவற்றில் எதுவும் குமரி மாவட்டத்தின் முதன்மைப் பயிர் அன்று. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் ரப்பர். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் அடங்கிய நாஞ்சில் நாட்டில் நெல், வாழை, தென்னை. அதனால் இந்த ஒழுங்குமுறை தமக்குத் தொடர்பில்லாதது என்று இங்குள்ள விவசாயிகள் எண்ணுவது இயல்பு. ரப்பரின் வரலாற்றைப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது.

சட்டத்தின் அடித்தளம் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ் 1989 டிசம்பரில் வெளியான விதிகளே மரபணு மாற்ற உயிரிகளை இன்றும் ஆளுகின்றன. டெல்லியிலுள்ள மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2009 அக்டோபரில் மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்கு இசைவளித்தது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9 அன்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். அதே ஆண்டில் அக்குழுவின் பெயரிலிருந்த 'ஒப்புதல்' போய் 'மதிப்பீடு' வந்தது. 2011 முதல் கள ஆய்வுக்கு மாநில அரசின் தடையின்மைச் சான்றும் தேவைப்பட்டது. ஆக, அறிவியல் மதிப்பீடு டெல்லியில், மறுக்கும் உரிமை மாநிலத் தலைநகரில் என்று அதிகாரம் இரண்டாகப் பிரிந்தது. இந்த ஏற்பாட்டின் குறை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். விதை எந்த வழியே பயணிக்கிறது என்ற கேள்விக்கு இவ்விரு வாயில்களிலும் இடமில்லை.

கோட்டயத்திலுள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் வறட்சியையும் குளிரையும் தாங்கக்கூடிய மரபணு மாற்ற ரப்பரை உருவாக்கியது. சேர்க்கப்பட்ட மரபணு ரப்பர் மரத்திலிருந்தே எடுக்கப்பட்டது. 2010-இல் கள ஆய்வுக்கு டெல்லிக் குழு இசைந்தது. கேரள அரசு எதிர்த்தது. ஆய்வு அங்கே நடக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 2021 ஜூனில் குவாஹாட்டிக்கு அருகே சருதாரியில் அச்செடிகள் நடப்பட்டன. கேரளத்தின் எதிர்ப்பை நான் முழுமையாக ஏற்கவில்லை. பன்னாட்டு விதை நிறுவனங்களின் ஆதிக்கம் பற்றிய அச்சத்தைப் பொதுத்துறை நிலையம் ஒன்று உருவாக்கிய செடிமீது அப்படியே சுமத்துவது பொருந்தாது. ஆனால் அந்த மறுப்பு பயன் தந்திருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை குமரியில் இருக்கிறது.

ரப்பர்த் தோட்டங்களில் நடப்படுவது மொட்டு ஒட்டுக் கன்று. பால் தரும் மேற்பகுதி தேர்ந்த இரகத்திலிருந்து வருகிறது. அடிச்செடியோ விதையிலிருந்து முளைப்பது. குமரியில் இலையுதிர் நோயின் தாக்குதல் கேரளத்தைவிடக் குறைவு. ஆகவே விதைப் பிடிப்பும் நன்றாக இருக்கும். இங்கே பொறுக்கப்படும் விதை கேரள நாற்றங்கால்களுக்குப் போவது நெடுநாள் வழக்கம். ரப்பர் விதை சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால், விழுந்த உடனே பொறுக்கி மூட்டைகட்டி அனுப்பியாக வேண்டும். சான்றிதழுக்காகக் காத்திருக்க அந்த வணிகத்தில் நேரமில்லை. இந்நிலையில், கேரளம் மறுத்த ஆய்வுக்குத் தமிழ்நாடு இசைந்து அது குமரியில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் எழுதப்பட்ட மறுப்பு லாரியில் ஏறிய மூட்டையைத் தடுத்திருக்காது. குமரியின் வட்டங்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. மாநில எல்லை அன்று புதிதாக வரையப்பட்டது. நாற்றங்கால்களின் உறவு அதற்காக அறுந்துபோகவில்லை.

மார்த்தாண்டம் தேனையும் இங்கே கருத வேண்டும். அதன் பெரும்பகுதி ரப்பரின் தளிர்க்காலத்தில் கிடைப்பது. பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பிலுள்ள தேன்சுரப்பிகளிலிருந்து தேனீக்கள் அதைச் சேர்க்கின்றன. 'ரப்பர் உணவுப் பயிர் அல்ல, ஆகவே உணவுப் பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை' என்ற வாதம் தேனைக் கணக்கில் எடுக்காத ஒருவரின் வாதம். மரபணு மாற்ற ரப்பரால் தேன் கெடும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சோதிக்கும் கேள்வி தேனீப் பெட்டி வைத்திருப்பவரிடமிருந்தே வரும். அவர் அமர்ந்து பேச ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் சட்டத்தில் இல்லாமலில்லை. 1989 விதிகள் மாவட்ட அளவிலான குழு ஒன்றைச் சொல்கின்றன. ஆட்சியர் தலைவர்; தொழிற்சாலை ஆய்வாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பிரதிநிதி, மாவட்டச் சுகாதார அலுவலர், வேளாண்மை அலுவலர், நோயியல் வல்லுநர் போன்றோர் உறுப்பினர்கள். தேவையானவர்களைச் சேர்த்துக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் பட்டியலைப் படித்தாலே அது வயலைவிட ஆலையையும் ஆய்வுக்கூடத்தையும் நினைத்து எழுதப்பட்டது என்று புரியும். விவசாயிக்கும் நாற்றங்கால்காரருக்கும் தேனீ வளர்ப்போருக்கும் அதில் உரிமையுள்ள இடமில்லை. 'தேவைப்படும் இடங்களில்' அமைக்கலாம் என்பதே விதியின் தொனி. தேவையைத் தீர்மானிப்பவர் அதே நிர்வாகம்.

கள ஆய்வு சிறியது, தனிமைப்படுத்தப்பட்டது, அதற்கு இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். ஓராண்டுப் பயிருக்கு அது ஓரளவு சரி. ரப்பரோ நட்டு ஏழாண்டளவில் பால்வெட்டுக்கு வந்து, கால் நூற்றாண்டும் அதற்கு மேலும் நிற்கும் மரம். ஆண்டுதோறும் பூத்து விதை உதிர்க்கும். தனிமைப்படுத்தல் விதிகளை எழுதிய அதிகாரி ஓய்வுபெற்ற பின்னும் மரம் நிற்கும். காவலை ஊரோடு சேர்த்து வைக்காமல் அது நீடிக்காது.

இப்போது கேள்வி நெல்லுக்கும் வந்துவிட்டது. வேற்றுயிரியின் மரபணு எஞ்சியிராத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 1989 விதிகளின் 7 முதல் 11 வரையிலான பிரிவுகளிலிருந்து 2022 மார்ச் 30 அன்று மத்திய அரசு விலக்களித்தது. 2025 மே 4 அன்று அத்தகைய இரு நெல் இரகங்கள் அறிவிக்கப்பட்டன: சம்பா மசூரியிலிருந்து கமலா, எம்.டி.யு. 1010-இலிருந்து பூசா டி.எஸ்.டி. 1. விலக்குக்கு அறிவியல் காரணம் உண்டு. இயற்கையில் நேரும் சிறு மாற்றத்திலிருந்து இதைப் பிரித்தறிவது கடினம். ஆனால் பிரித்தறிய முடியாத விதைக்குத்தான் அது எங்கிருந்து வந்தது என்ற பதிவு கூடுதலாகத் தேவை. 1966-இன் விதைச் சட்டம் முளைப்புத்திறனையும் தூய்மையையும் கேட்கிறது. இரகம் உருவான முறையைக் கேட்பதில்லை. திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். நெல் இரகங்களையும் அம்பை 16-ஐயும் நட்டுப் பழகிய தோவாளை விவசாயி புது இரகம் ஒன்றை ஏற்பதும் தள்ளுவதும் அவர் விருப்பம். விருப்பம் என்று சொல்ல வேண்டுமானால் மூட்டையில் அந்தத் தகவல் இருக்க வேண்டும்.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்டக் குழுவை நாகர்கோவிலில் அமைத்து, பிறரைச் சேர்க்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தி நாற்றங்கால்காரரையும் தேனீ வளர்ப்போரையும் நெல் விவசாயிகளையும் உறுப்பினராக்கலாம். விதை எல்லை கடக்கும் பயிர்களுக்கு அண்டை மாநிலத்தின் கருத்தையும் பெற்றபின்னரே தடையின்மைச் சான்று தரலாம். வேளாண்மை விரிவாக்க மையங்களில் கன்னிப்பூ நெல் பருவத்துக்கு வழங்கும் விதை மூட்டையில் இரகம் உருவான முறையை ஒரு வரியில் அச்சிடலாம்; அதற்கு மாநில வேளாண்மைத் துறையின் ஆணை ஒன்றே தொடக்கமாக அமையும்.