வெட்டுப்பட்ட முகம் யாருடையது?

1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே ஒரு வெட்டு! அப்புறம் அது யார் காசுன்னு எப்படிச் சொல்றது?

ஓரத்து எழுத்தைப் படிக்கணும். 'அகஸ்டஸ்'னு பார்த்ததும் அகஸ்டஸ் காசுன்னே நானும் நினைச்சேன். தப்பு. அது பட்டமாகி, அடுத்து வந்தவங்களும் போட்டுக்கிட்டாங்க. எழுத்து 'டி சீசர்'னு தொடங்கினால் திபேரியஸ். நடுவில் 'கிளாட்' வந்தால் கிளாடியஸ். பின்பக்கம் கிளையோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பது திபேரியஸ் காசில் அதிகம் வரும் படம்.

சரி, ஏன் வெட்டினாங்க? 'இனி இது காசில்லை, வெறும் தங்கம்'னு காட்டத்தான் என்பது ஒரு கருத்து. எனக்கும் அப்படித்தான் படுது. ஆனா அதே குவியலில் வெட்டுப்படாத காசும் கொஞ்சம் இருக்கே, அதுதான் உறுத்துது.