இறந்தபின் வந்த நினைவேடு

தெலுக் பங்லிமா காராங் அவையோரே, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த நம் தோட்டத் தமிழரை அறிவோம். அப்படை விமானப் பயிற்சிக்கென ஜப்பானுக்கு அனுப்பிய இளைஞருள் ஒருவர், இரங்கூனில் பிறந்த ரமேஷ் பெனகல்.

அப்படை பற்றிய செய்தியைப் போர் முடியும் தறுவாய் வரை பிரித்தானியத் தணிக்கை இந்திய இதழ்களில் வரவிடவில்லை. (கணக்குச் சரிபார்ப்பதற்கும் இச்சொல்லையே ஆள்கிறோம், அங்கே மறைத்தது வெளிவரும்.) பிரித்தானிய இந்தியப் படையிலிருந்து அதில் சேர்ந்தோரை, விடுதலைக்குப் பின்னும் இந்திய இராணுவம் மீள ஏற்கவில்லை. முன்பு அப்படையில் இராத பெனகலோ இந்திய வான்படையில் சேர்ந்தார். 1971 போரில் கான்பெரா வானூர்தியில் பறந்து பகைப்புலத்தைப் படமெடுத்து மகாவீர் சக்கரம் பெற்றார். 2003இல் மறைந்தார். ஜப்பான் நாள்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 2009இல்தான் அச்சேறியது.

நம் தோட்டத்து வீரர் பலர் எழுதாமலே போயினர். அவர்தம் பேரர் இவ்வவையில் இருப்பின், வீட்டிலுள்ள கடிதமோ துண்டுத்தாளோ எதுவாயினும் எம்மிடம் காட்டுக.