அம்பத்தூரில் இறங்கிய மேகம்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது. லேத்துப் பட்டறைகளும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளும் நிறைந்த அந்தச் சாலைகளில் இப்போது தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன. என்.டி.டி., எஸ்.டி.டி. என்று பெயர்ப் பலகைகள். 'கிளவுட்' என்று நாம் சொல்வதெல்லாம் கடைசியில் இப்படி ஜெனரேட்டரும் ஏசியுமாகத் தரையில்தான் நிற்கிறது.

கன்சோலை கிளவுட் விழுங்கிவிடுமா என்ற சண்டையில் மேற்கத்திய ஆட்களின் பெரிய கவலை, "என் கேம் என்னுடையதாக இருக்குமா?" என்பது. நம்ம ஏரியாவில் யாரிடம் கன்சோல் சொந்தமாக இருந்தது?

நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983-இல் ஜப்பானில் வந்தது. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்தது அதன் நகல்கள். நமக்கு அது 'டிவி கேம்', அவ்வளவுதான். கேசட் அட்டையில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே அதே மாரியோவும் கான்ட்ராவும் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஓடலைன்னா எடுத்து ஊதணும். (ஊதியதால் ஓடியதில்லை, மறுபடி செருகியதில் பின் சரியாகப் பொருந்தியது. ஆனாலும் ஊதினோம்.)

2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 உலகமெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பல பையன்களுக்கு அது மணிக்கணக்கு வாடகைதான். ரிச்சி தெருவிலிருந்தோ பர்மா பஜாரிலிருந்தோ வந்த காப்பி டிஸ்க், நாலு பேருக்கு இரண்டு கன்ட்ரோலர், "அண்ணே, இன்னும் அஞ்சு நிமிஷம்ணே." ஆக, கேமை வாடகைக்கு எடுப்பது நமக்குப் புதுசே இல்லை. ஒரு வித்தியாசம் உண்டு: அந்த அண்ணனிடம் கெஞ்சலாம்.

கூகுளிடம் யார் கெஞ்சுவது? 2019 நவம்பரில் தொடங்கிய ஸ்டேடியா இந்தியாவுக்கு வரவே இல்லை. 2023 ஜனவரி 18-இல் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. ஆனால் ஸ்டேடியாவுக்கென்றே செய்த 'அவுட்காஸ்டர்ஸ்' அதோடு போனது.

இதில் தூரம் முக்கியம். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 17 மில்லிவிநாடி. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் மும்பையில் இருந்தால் ஒளி போய்த் திரும்பவே 10 மில்லிவிநாடி கரைந்துவிடும். அம்பத்தூரில் இருந்தால் ஆவடிக்கு அது ஒன்றுமே இல்லை. அப்புறம் இருப்பது நம் வீட்டு வைஃபை. மொபைல் டேட்டாவில் இன்னும் மோசம்: விநாடிக்கு 10 மெகாபிட் என்று வைத்தாலே மணிக்கு நாலரை ஜிபி. தினம் 2 ஜிபி பேக் போட்டவன் அரை மணி நேரத்தில் எழுந்துகொள்ள வேண்டியதுதான்.

2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இங்கே 49,990 ரூபாய்க்கு வந்தது. அதற்குள் ஆட்டம் போனுக்குப் போயிருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, பிறகு பப்ஜி. 2020 செப்டம்பர் 2-இல் ஒரே உத்தரவில் பப்ஜிக்குத் தடை. டவுன்லோட் செய்ததும் நம் கையில் இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கன்சோல் பெட்டி சாகாது என்றுதான் நினைக்கிறேன்; டிஸ்க் செருகும் இடம்தான் சாகும். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. இப்போது டிஸ்க்கே இல்லாத பெட்டி விற்கிறது, யாரும் பெரிதாகக் கத்துவதில்லை. நமக்கு அந்தக் கைமாற்றல்தான் எல்லாமே. கான்ட்ரா கேசட் ஒரு தெருவுக்கே ஒன்றுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எவன் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்துப் போகணும்.